மேலே கம்பி, கீழே தகடு

மண்வெட்டி செம்பில் பட்டால் ‘ணங்’ என்று ஒரு சத்தம் வரும். கல்லில் பட்டால் வருவது வேறு. எங்கள் பக்கத்துச் சரளை மண்ணில் தோண்டினால் கல்லில் படுவதுதான் வழக்கம் என்பதால் அந்த வித்தியாசம் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தச் சத்தம் கேட்டபோது நான் என் அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அன்றைய ராசிபலனை வாசித்துக்கொண்டிருந்தேன். காலைப் பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவாத நேரம். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் கொல்லையும் அடுத்த வீட்டுக் கொல்லையும் சேருகிற இடத்தில் இருக்கும் வாழையடியில், செல்வி பக்கக்கன்று பெயர்த்துக்கொண்டிருந்தாள். செல்வி என் கொழுந்தனாரின் மனைவி. கொழுந்தனார் குவைத்தில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

ணங். பிறகு, “ஆத்தாடி!”

கூடவே சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்தது செல்வியின் மகள் கயல். அவள் தலைமாட்டில் ஒரு ரேடியோ. என் குரல் அதில் தெளிவாகக் கேட்டால் சுவரில் ஒரு தட்டு, இரைச்சல் வந்தால் இரண்டு தட்டு. எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு. ஏதோ வயர் கழன்றுவிட்டது என்று எரிச்சலோடு எழுந்து ஜன்னலுக்கு வந்தேன்.

செல்வியின் கையில் என் செம்புத் தகடு. அவள் தகட்டைப் பார்க்கவில்லை. தகட்டிலிருந்து கிளம்பி மண்ணுக்குள்ளேயே ஓடி, சுவரோரமாக ஏறி, என் ஜன்னலுக்குள் நுழைகிற வயரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் பார்வை என் முகத்தில் வந்து நின்றது.

அந்தப் பார்வையை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

சும்மா இருக்காத கை

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொண்டிருந்த வேலையை நான் பாதியில் உதறிவிட்டு வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். “இப்போது நிம்மதியாக இருக்கிறீர்களா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, நிம்மதி என்ன விலை?

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். சால்டரிங் அயர்ன் பிடித்த கையை அந்தப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே மிக்ஸியைப் பிரித்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி. அடுத்து காலிங் பெல்லை. அடுத்து என் கணவரின் உரக்கடைத் தராசை. கறம்பக்குடியில் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு மனிதர் தராசுக்காகக் காத்திருந்தார்.

“ஒனக்கு ஒரு எடத்துல குண்டி தரிக்காதாடி?” என்றார் அன்று சாயங்காலம். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

தரிக்காது. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் எதையாவது கழற்ற வேண்டும். சாப்பிடும்போதே அடுத்த வேளைக்கு என்ன என்று யோசிக்கிற ஜாதி நான். இதற்கு மருந்து இல்லை, வேலைதான் உண்டு. அப்படி எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வேலைதான், பேசுகிற குரலை ரேடியோவில் கேட்கவைக்கும் அந்தச் சின்ன ஏ.எம். டிரான்ஸ்மிட்டர்.

சோப்பு டப்பாவுக்குள் அடங்குகிற சர்க்யூட். மீடியம் வேவில் நிலையங்கள் ஒவ்வொன்றாக ஊமையாகி, ரேடியோவின் முள்ளை எங்கே திருகினாலும் காலி இடம். அந்தக் காலி இடத்தில் என் குரல் அடுத்த அறையில் கேட்டால் போதும், மிஞ்சினால் அடுத்த வீடு. அதற்கு மேல் போனால் சட்டம் பேசும் என்பது தெரிந்துதான் பவரைக் கட்டிப்போட்டேன்.

கேட்க ஆள் வேண்டுமே? அந்த நேரம் பார்த்துத்தான் கயல் வந்தாள்.

என் ஒரே நேயர்

கயல் தனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் உண்டாகியிருந்தாள். முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. அவள் கணவர் திருப்பூரில் வேலையை விட முடியாமல் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்.

கயலுக்குக் கட்டில் என்பது தண்டனை. அவளும் என்னைப் போலத்தான். அதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணமும் சொல்வார்கள். அவள் பிறந்தபோது சேனை வைத்தது நான். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சீனித்தண்ணீரைத் தொட்டு வைப்பதைத்தான் சேனை வைப்பது என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. கயல் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு இடத்தில் நின்றதில்லை. ஒவ்வொரு தடவை அவள் கீழே விழுந்தபோதும் செல்வி என்னைத்தான் திட்டினாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் ஏங்கினேன், பிறகு விட்டுவிட்டேன். விட்டதற்குப் பாதிக் காரணம் கயல். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை எறிவது என் வீட்டில்தான்.

“பெரியம்மா, போனைப் பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குது. அந்த டப்பாவுல எதையாச்சும் பேசுங்க, கேக்குறேன்” என்றாள்.

பேசினேன். ராசிபலன், ஊர்வம்பு, தேங்காய் விலை, பேருந்தில் என் புடவையை மிதித்த ஆளைப் பற்றி ஒரு சொற்பொழிவு. அவளோ இரண்டு தட்டு, இரண்டு தட்டு, எப்போதும் இரண்டு தட்டு. என் பேச்சை விட இரைச்சல்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு கை தட்டினால்

மீடியம் வேவுக்கு முறையாக ஏரியல் நிறுத்துவது என்றால் திருவரங்குளத்துக் கோயில் கோபுரத்தைத் தாண்டும் உயரம் வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு தென்னை. மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் ஒரு முனை, செல்வி வீட்டுக்கு அந்தப்புறம் நிற்கும் தென்னையில் மறுமுனை என்று ஒரு கம்பியை இழுத்துக் கட்டினேன். செல்வி வீட்டுக் கூரைக்கு மேலாகத்தான் கம்பி போனது. குட்டைக் கம்பியின் குறையை ஈடுகட்ட பி.வி.சி. குழாயில் கம்பியைச் சுருள் சுருளாகக் காயில் போலச் சுற்றினேன். சுற்றி முடித்ததும் சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி சுற்றினேன். கம்பியில் என் கணவர் ஒருநாள் வேட்டி காயப்போட்டார். அதற்கு நடந்த சண்டை தனி.

ஆனால் கம்பி ஒரு கைதான். இன்னொரு கை மண். ஒரு கை தட்டினால் ஓசை வருமா? நல்ல எர்த், அதாவது மண்ணோடு நல்ல இணைப்பு, இல்லாவிட்டால் மேலே எவ்வளவு கம்பி கட்டினாலும் வீண். வீட்டுக் கரண்ட் எர்த்தில் கொடுத்துப் பார்த்தேன். மோட்டாரும் ஃபிரிட்ஜும் யு.பி.எஸ்ஸும் சேர்ந்து உர்ர் என்று பாடின. தனியாக ஒரு கம்பியைக் கொல்லையில் அடித்தேன். எங்கள் மண் சரளை, கோடையில் செங்கல் போலக் காய்ந்து கிடப்பது. அதில் கம்பி நடுவதும் சுவரில் ஆணி அடிப்பதும் ஒன்றுதான்.

அப்போதுதான் எனக்குக் கோட்டைப்பட்டினம் நினைவுக்கு வந்தது.

வேலையில் இருந்த காலத்தில் கூட வேலை பார்த்த ஜெய்னம்பு வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பிரியாணிக்குப் பிறகு எல்லோரும் கண்ணயர, எனக்கு மட்டும் கால் நிற்கவில்லை. பட்டுப்புடவையோடு கடற்கரைக்குப் போய்விட்டேன். ஒரு படகின் நிழலில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். கரகரத்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அதன் பின்பக்கத்து எர்த் முனையில் ஒரு கம்பியை மாட்டி, மறுமுனையை ஈர மணலில் முழங்கை வரை சொருகினேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசுவது பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது.

தேடிக்கொண்டு வந்த ஜெய்னம்பு தலையில் அடித்துக்கொண்டாள். “கல்யாணத்துக்கு வந்த எடத்துலயும் ஒங்க லேப்பா டீச்சர்?” என் புடவை முந்தி முழுக்க உப்புச் சேறு. அந்தச் சேறுதான் விஷயம். உப்பும் ஈரமும் குடித்த மண் பேசும். காய்ந்த மண் வாயைத் திறக்காது.

சரி, கோட்டைப்பட்டினத்தை நம் கொல்லைக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

நானே தோண்டிய குழி

கறம்பக்குடி பாத்திரக் கடையில் ஓட்டை விழுந்த பழைய செம்புத் தவலையின் அடிப்பாகத்தை வெட்டி வாங்கினேன். களிம்பு ஏறியிருந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன்.

கொல்லையில் வாழையடி, வேம்படி, மோட்டார் பக்கம் என்று ஒவ்வொரு இடமாக வைத்து மீட்டரில் பார்த்தேன். காகிதத்தில் எழுதினால் தொலைத்துவிடுவேன். அதனால் லேப் பழக்கத்தில் தகட்டிலேயே ஆணியால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எண்ணாகக் கீறிவைத்தேன். கீழே எர்த் குறி. தெரியாதவர்களுக்காக: நின்றபடி ஒரு கோடு, அதன் அடியில் ஒன்றைவிட ஒன்று சின்னதாகப் படுக்கைக் கோடுகள். சூலத்தைக் கவிழ்த்துப் போட்ட சாயல் அதற்கு உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வாழையடிதான் ஜெயித்தது. செல்வி வீட்டுக் குளியல் தண்ணீர் வந்து விழுகிற இடம், எப்போதும் சொதசொதவென்று இருக்கும். செல்வியும் பக்கத்து வீட்டு ஆட்களும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்த பகலில் குழி தோண்டினேன். அடியில் கரித்தூள், அதன் மேல் கல்லுப்பு, அதன் மேல் தகடு, மறுபடி கரி, மறுபடி உப்பு. வயர் சேரும் இடத்தில் சிவப்பு டேப் சுற்றினேன். தேய்த்து முடித்த எலுமிச்சை மூடிகளை எங்கே போடுவது என்று பார்த்து, அதே குழிக்குள் போட்டு மூடினேன்.

அன்றைக்கு அமாவாசை. எங்கள் வீட்டில் காலண்டர் கிழிப்பது என் கணவர்.

கரண்ட் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் எர்த் குழிக்குக் கரியும் உப்பும் என்று சொல்வார்கள். ஆனால் கட்டம் கீறிய செம்புத் தகடு, கரி, உப்பு, சிவப்புச் சுற்று, அறுத்த எலுமிச்சம்பழம், அமாவாசை. இதை யாரிடம் கேட்டாலும் வேறு ஒன்றைச் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் சுவரில் ஒரே ஒரு தட்டு. கயல் கட்டிலில் இருந்தபடியே கத்தினாள்: “பெரியம்மா, நீங்க மூச்சு விடுறது கூடக் கேக்குது!” நான் அறைக்குள் குதித்தேன். இந்த வயதில் குதித்தால் முழங்கால் என்ன சொல்லும் என்பதைச் சாயங்காலம் தெரிந்துகொண்டேன்.

“நடுவுல எம் புள்ள”

இனி ஜன்னலுக்குத் திரும்பலாம்.

செல்வி கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்துகிற ஆள்தான். அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“இது என்னக்கா?”

“எர்த்து, செல்வி. ரேடியோவுக்கு.”

“எங்க வீட்டுலயும்தான் ரேடியோ இருக்கு. நாங்க தகடு பொதைச்சா வச்சிருக்கோம்?”

“அது கேக்குற ரேடியோ, இது பேசுற ரேடியோ…”

“எலுமிச்சம்பழம் எதுக்கு?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. தேய்க்க என்று சொன்னேன். என் காதுக்கே பொய் மாதிரி கேட்டது. பதற்றத்தில் சர்க்யூட்டை விளக்க ஆரம்பித்தேன். மேலே போகிற கம்பிக்கும் கீழே இருக்கிற தகட்டுக்கும் இடையில்தான் அலை உருவாகிறது, இரண்டும் வேண்டும் என்று கையை மேலும் கீழும் ஆட்டினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

செல்வி தன் கூரைக்கு மேலே போகிற கம்பியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கையில் இருந்த தகட்டைப் பார்த்தாள்.

“மேல ஒரு கம்பி, கீழ ஒரு தகடு. நடுவுல எம் புள்ள படுத்துருக்கா” என்றாள்.

அறிவியல்படி அது முழுக்கச் சரி.

உள்ளே போய்க் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளாக வாய் திறந்து சொல்லாததை ஊர் சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? “பிள்ளை இல்லாதவ, அடுத்தவ வயித்தப் பாத்துப் பொறாமையில அவிஞ்சு செய்வினை வச்சிருக்கா.” குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது. எத்தனையோ விசேஷங்களில் என்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள், வளைகாப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதையெல்லாம் சிரித்துக் கடந்தவள் நான். இது கடக்கவில்லை. வலித்தது. கயலின் வயிற்றுக்கு நான் கெடுதல் நினைப்பேன் என்று ஒரு மனுஷி நினைக்கலாம் என்பதே எனக்குத் தாங்கவில்லை.

இருப்பு கொள்ளாமல் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தேன். சுவரருகே போய் நிற்பேன். மைக்கில் “கயலு, கேக்குதா?” என்பேன். எர்த் இல்லாமல் என் குரல் சுவரைத் தாண்டியதோ என்னவோ. தட்டு வரவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை.

சூடம்

செல்வி என் கணவரிடம் சொல்லி அனுப்பினாள்: அக்கா கண்மாய்க்கரைக் கருப்பர் சாமி முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும், நான் நம்புகிறேன்.

எனக்கு எரிந்தது. “நான் எம்.எஸ்சி. படிச்சவ. தவலைச் செம்புக்காகப் போயி சூடம் அணைக்கணுமா? வரலன்னு சொல்லுங்க.”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “வரலன்னுதான் நானும் சொல்லிட்டு வந்தேன். ஆனா நீ நெனைக்கிற காரணத்துக்கு இல்ல.”

“பின்ன?”

“சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டா, பழி போயிரும். அதோட தண்ணியும் போயிரும். அவுக வீட்டுல நம்ம கை நனைக்கக் கூடாது, நம்ம வீட்டுல அவுக நனைக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்கு நின்னு பாத்துட்டு வரலாம், அம்புட்டுத்தான். எங்க சித்தப்பன் வீடு அப்புடித்தான போச்சு? தம்பி குவைத்துலேருந்து வந்தா எந்த வீட்டுல உக்காந்து சாப்புடுவான்?”

இது எனக்குத் தெரியாது. தெரியும், ஆனால் எனக்கு நடக்கும் என்று தெரியாது. சத்தியம் செய்யாவிட்டால் நான் செய்வினைக்காரி. செய்தால் நிரபராதி, ஆனால் அந்த வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் எனக்குக் கிடையாது, என் கையால் அங்கே யாருக்கும் கொடுக்கவும் முடியாது. கயல் பிள்ளை பெற்றால் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த நிலையில்தான் அவளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்த ஆட்டோவிலிருந்து அவள் இறங்கியபோது நான் ஜன்னலில் நின்றேன். கயல் முகம் ஊதியிருந்தது. என் ஜன்னல் பக்கம் பார்க்க எத்தனித்து, பார்க்காமல் போனாள். பிரஷர் ஏறியிருக்கிறதாம், மனசைப் போட்டு உழப்பக் கூடாது என்றாராம் டாக்டர். ஆட்டோக்காரர் என் கணவரிடம் சொன்னது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்தப் பழமொழியை நான் அதுவரை அரண்டவனைக் கேலி செய்யத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை கட்டிலில் படுத்துக்கொண்டு, இறங்கி ஓடவும் முடியாமல், பெரியம்மாவின் தகட்டையே நினைத்துக்கொண்டு கிடக்கிறது. என் படிப்பும் என் ரோஷமும் அவளுக்கு என்ன செய்யும்?

மறுநாள் உச்சிவெயிலில் கிளம்பினேன். செல்வி வீட்டுக் கதவைத் தட்டி, “சூடத்தை எடுத்துக்கிட்டு வா, கருப்பருகிட்டப் போவோம்” என்றேன். என் கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

கண்மாயில் தண்ணீர் இல்லை. வெடித்த களிமண்ணில் ஆடுகள் மேய்ந்தன. கருப்பர் முன்னால் தகட்டை வைத்தாள் செல்வி. துணியில் சுற்றித்தான் கொண்டுவந்திருந்தாள், வெறுங்கையால் தொடவில்லை. வெற்றிலை மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். காற்றில் சாய்ந்து எரிந்தது.

நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன். என் கை நடுங்கியதைப் பார்த்தேன். சாமி பயம் இல்லை. பிள்ளை பிறந்தபின் வாசலில் நிற்கப்போகிறேனே, அந்தப் பயம்.

“ஏன்க்கா கை நடுங்குது?” என்றாள் செல்வி.

“கயலுக்கு நான்தான் சேனை வச்சேன். அவ புள்ளைக்கு வைக்க முடியாதுல்ல, அதான்” என்றேன். அழக் கூடாது என்று வந்தவள், அழுதுவிட்டேன்.

நெருப்புக்கும் என் கைக்கும் நடுவில் செல்வியின் கை வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“வேணாம். விடுங்க. எரிஞ்சு அணையட்டும்.”

“அப்ப நம்புறியா?”

அவள் சூடம் எரிந்து முடியும்வரை அதையே பார்த்தாள்.

“தெரியலக்கா. பயமாத்தான் இருக்கு. அந்தக் கட்டத்தப் பாத்ததுலேருந்து கண்ணு மூட முடியல. ஆனா அவ மூணு நாளாச் சோறு திங்காம, பெரியம்மா அப்புடிச் செய்ய மாட்டாங்கம்மா, பெரியம்மா அப்புடிச் செய்ய மாட்டாங்கன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்கா. பயத்துக்காக ஒங்களை விட்டுட்டு, அந்தப் புள்ளைக்கு யாரு கையால நான் சேனை வைப்பேன்?”

என் கணவர் அந்தப் பக்கம் திரும்பி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பல்லாம் டாக்டரு தாய்ப்பால் தவிர ஒன்னும் வைக்கக் கூடாதும்பாங்க செல்வி” என்றேன் மூக்கைச் சிந்திக்கொண்டே. எனக்கு எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று எப்போதும் தெரியாது.

“சும்மா ஒதட்டுல காட்டிட்டு எடுங்க” என்று அதட்டினாள். பழைய செல்வி.

ஒரு குடம்

வீட்டுக்கு வந்ததும் தகட்டைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். “இது இல்லாம அந்த டப்பா பேசாதா?” என்று கேட்டாள்.

“பேசும். ஒனக்குக் கேக்காது.”

“மேல போற கம்பிய எங்க கூரைக்கு மேல இல்லாம வேற எங்கிட்டாச்சும் கட்டிக்கிறீங்களா?”

“கட்டிக்கிறேன்.” எங்கள் கொல்லை வேப்பமரத்தில் கட்டலாம், ஆனால் அது கிட்டே இருக்கிறது. கம்பி பாதியாகிவிடும். இருந்தாலும் கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

“அப்ப இருங்க, நானே பொதைக்கிறேன். பெத்தவ கையால பொதைச்சா பெத்த பிள்ளைக்கு ஒன்னும் செய்யாது.”

இது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. கேட்கவில்லை. கட்டங்களின் மேல் மஞ்சளைக் குழைத்து மெழுகினாள், ஒரு எண்ணும் தெரியாமல். பழைய குழியிலேயே வைத்தாள். கரியும் உப்பும் அவளே போட்டாள். எலுமிச்சம்பழம் மட்டும் கிடையாது என்று விரலை ஆட்டினாள். மண்ணைத் தள்ளி மூடிக் காலால் மிதித்தாள்.

நான் கம்பியை வேப்பமரத்துக்கு மாற்றிவிட்டு, காயிலைத் திருத்தி, மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கையில் கிடைத்தது பழைய நாளிதழ். விட்ட இடத்திலிருந்து ராசிபலனை வாசித்தேன். கும்ப ராசிக்கு உறவினர்களால் நன்மை என்று போட்டிருந்தது. என் ராசி அதுதான்.

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக் டொக்.

இரண்டு தட்டு, இரைச்சல். இருந்தாலும் தட்டு வந்துவிட்டது. தட்டு வராத அத்தனை நாளையும் நினைத்துக்கொண்டு சுவரில் கையை வைத்து நின்றேன்.

ஜன்னலுக்கு வெளியே செல்வியின் குரல். “என்னக்கா, இன்னும் இரையுதுங்குறா?”

“மண்ணு காஞ்சு கெடக்கு செல்வி. தோண்டிப் போட்டதுல ஈரம் போச்சு. தண்ணி வேணும்.”

அவள் குடத்தோடு வந்தாள். என் தகட்டின் மேல் அவள் வீட்டுத் தண்ணீரைச் சாய்த்தாள். மண் குடித்தது. உள்ளே போய் இன்னொரு குடம் கொண்டுவந்து அதையும் சாய்த்தாள்.

டொக். ஒரே ஒரு தட்டு.

“தெனமும் ஊத்தணுமா?” என்று கேட்டாள் செல்வி, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

“ஆமா. ஊத்தலைன்னா எம் பேச்சு ஒங்க வீட்டுக்கு வராது.”

“அப்ப ஊத்தித்தான ஆகணும்” என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த முறை கொல்லைக் கதவைச் சாத்தவில்லை.